ஏரத்துக்கு ஈரம் விட்டுப்போகக் கூடாது

சேனையும் சேம்பும் நட்டுப் பழகிய கைக்கு ஏரம் லில்லி என்ற பூச்செடி லேசாக வரும். மூன்றும் ஒரே குடும்பம். தென்னாப்பிரிக்க மண்ணின் சொந்தச் செடி ஏரம், கேப்பிலிருந்து லிம்போபோ வரை ஓடைக்கரையிலும் சதுப்பிலும் தானாகவே முளைக்கிறது. டர்பன் வீடுகளில் இதற்கு ஏற்ற இடம் வெளிக்குழாயடி, இல்லையென்றால் கூரைத் தண்ணீர் வந்து விழும் மூலை.

ஈரம் நிற்காத மண்ணா? 45 செ.மீ. ஆழத்துக்குக் குழி வெட்டித் தடித்த பிளாஸ்டிக் விரித்து, அடியில் ஆணியால் ஐந்தாறு ஓட்டை போடுங்கள். ஓட்டை இல்லாவிட்டால் தேங்கிய தண்ணீர் நாறிப்போகும். இரண்டு பங்கு மண், ஒரு பங்கு நன்றாக மக்கிய எரு கலந்து நிரப்பி, கிழங்கை முளை மேலே பார்க்க 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில் ஊன்றுங்கள். செடிக்குச் செடி 45 செ.மீ. வேண்டும். வேரடியில் எப்போதும் ஈரம் இருந்தால் முழு வெயிலையும் தாங்கும். இல்லாத இடத்தில் அரைநிழல்தான் சரி.

விடியற்காலையில் இலை நுனியைப் பாருங்கள். கண்ணாடி மணிபோல ஒரு சொட்டு தொங்கும். வேர் மிஞ்சி உறிஞ்சிய தண்ணீரை இலை அப்படித்தான் வெளியே தள்ளுகிறது. சொட்டு தொங்கினால் அன்றைக்கு ஊற்ற வேண்டியதில்லை.

பலர் தோற்பது உரத்தில். பச்சைச் சாணமும் யூரியாவும் போட்டால் இலை தளதளவென்று வரும், பூ வராது; மெத்தென்ற தண்டில் பாக்டீரியா ஏறிக் கிழங்கு கொழகொழத்து நாறும். அந்தக் கிழங்கைப் பிடுங்கிக் குப்பையில் போடுங்கள், எருக்குழியில் வேண்டாம்.

குளிர்காலத்தில் மழை இல்லாமல் மண் காய்ந்தால் இலை மஞ்சளாகிச் சாயும். செடி சாகவில்லை, தூங்குகிறது. அப்போது கிழங்கைப் பிரித்து, வெட்டுவாய் உலர இரண்டு நாள் நிழலில் வைத்து நடலாம். ஆண்டு முழுக்க ஈரம் கிடைக்கும் செடி தூங்காது. விதையிலிருந்து வளர்த்தால் பூக்க இரண்டு மூன்று ஆண்டு பொறுக்க வேண்டும்.

மடும்பி, அதாவது சேம்பு, இருக்கும் பாத்தியில் மட்டும் இதை நடவே நடாதீர்கள், இலை மாறிப்போகும். மடும்பியின் காறல் வேகவைத்தால் போகும். ஏரம் சமையலுக்கு ஆகாது, சாறு பட்டாலே அரிக்கும், குழந்தையோ நாயோ கடித்தால் வாய் வீங்கும். பத்தாவுக்கு (மாவு தடவிச் சுருட்டிச் செய்யும் மடும்பி இலைப் பலகாரம்) இலை பறிக்கும்போது காம்பைத் திருப்பிப் பாருங்கள்: மடும்பியில் காம்பு இலையடிப் பிளவுக்குச் சற்று உள்ளே தள்ளி இலையின் முதுகில் ஒட்டியிருக்கும், ஏரத்தில் பிளவு முடியும் இடத்திலேயே சேரும்.