கிரியாட்டினின் 1.1 என்று நிம்மதியாக இருந்தேன்

எனக்குச் சர்க்கரை வந்து பதினோரு வருஷம். சேரன்மாதேவியிலிருந்து வண்டி ஓட்டிப் போய் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் கொடுப்பேன். கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 1.1 என்று வரும். கிட்னிக்கு ஒன்றுமில்லை என்று சீட்டை மடித்து வைத்துவிடுவேன். இத்தனை வருஷத்தில் மூத்திரத்தில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லி யாரும் எழுதித் தரவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்கத் தெரிந்தால்தானே!

போன வருஷம் பாளையங்கோட்டையில் வேறொரு டாக்டரம்மாவிடம் போனேன். காலையில் முதலில் போகிற மூத்திரத்தைப் பிடித்து வரச் சொன்னார். ஆல்புமின் கிரியாட்டினின் விகிதம் 186. அது 30-க்குள் இருக்க வேண்டும். காய்ச்சல், மூத்திரத் தொற்று இருந்தாலும் கூடும் என்பதால் மறுபடி பார்க்கச் சொன்னார். மூன்று மாதம் கழித்து 172. சரி, மாட்டிக்கொண்டோம்.

"சர்க்கரையோட மூணு மாசச் சராசரி 7.4-தானே, பிறகு எப்படிம்மா?" என்றேன்.

"அண்ணாச்சி, உங்க ஊர்க் கன்னடியன் கால்வாயைத் தூர்வார ஆள் வந்ததா நினைச்சுக்கிடுங்க. வந்தவன் மண்ணை அள்ளிட்டுப் போகாம, அங்கேயே குடிசை போட்டு வாய்க்காலுக்குள்ள சிமெண்ட் பூச ஆரம்பிச்சா எப்படி இருக்கும்? அதுதான் நடக்குது."

வாய்க்கால் என்றது கிட்னியை, ஆள் என்றது வெள்ளையணுக்களை. பல வருஷம் சர்க்கரையில் ஊறி நொந்துபோன கிட்னி செல்கள் எம்சிபி-1 என்ற ரசாயனத்தை விட்டு மோனோசைட்டுகள் என்ற வெள்ளையணுக்களை அழைக்கின்றன. அவை திசுவுக்குள் புகுந்து மேக்ரோஃபேஜ்களாக மாறி, டிஎன்எஃப் ஆல்ஃபா போன்ற ரசாயனங்களைக் கக்கி இன்னும் ஆள் கூப்பிடுகின்றன. இதுதான் அழற்சி. கூடவே டிஜிஎஃப் பீட்டா என்று ஒன்று. சிமெண்ட் அதன் வேலை, அதாவது தழும்பு. கிட்னியின் வடிகட்டியிலிருந்து கசிகிற புரதமும் கீழேயுள்ள குழாய்களின் செல்களை எரிச்சலூட்டி அழற்சியைக் கூட்டுகிறது. இத்தனைக்கும் ஒரு சுருக் வலிகூடக் கிடையாது. எனக்கு அதுதான் ஆறவில்லை.

அழற்சி என்றதும் எனக்கு ஒரு யோசனை. முழங்கால் வலிக்கு மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரையும் அழற்சிக்குத்தானே, அதையே இதற்கும் போட்டால் என்ன? கேட்டேவிட்டேன். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அந்த மாத்திரை கிட்னிக்குப் போகும் ரத்த ஓட்டத்தையே குறைக்குமாம். இந்த அழற்சி அதற்கு அடங்காது, கிட்னிதான் இன்னும் கெடும். நான் மாதம் பத்து மாத்திரையாவது போட்டுக்கொண்டிருந்தேன். அன்றோடு நிறுத்தினேன்.

டெல்மிசார்டான் என்ற பிரஷர் மாத்திரையும் டாபாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மாத்திரையும் எழுதினார். இரண்டும் வடிகட்டியில் அழுத்தத்தைக் குறைக்கும். அழுத்தம் தணிந்தால் கசிவும் எரிச்சலும் தணியும். டாபாகிளிஃப்ளோசினுக்கு இங்கே காப்புரிமை முடிந்து விலை இறங்கியிருந்தது, பிழைத்தேன். வாந்தி, பேதி வந்து சாப்பிட முடியாத நாளில் இவற்றை நிறுத்திவிட்டு போன் பண்ணச் சொன்னார். தேவைப்பட்டால் ஃபினரினோன் என்று இன்னொன்று இருக்கிறதாம். அது அழற்சியையும் தழும்பையும் நேராகவே தடுக்கப் பார்க்கும், ஆனால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறக்கூடும்.

மூன்றாவது வாரம் ரத்தம் பார்த்தால் கிரியாட்டினின் 1.3. எனக்கு வயிற்றைக் கலக்கியது. மாத்திரைதான் கிட்னியைக் கெடுக்கிறது என்று வீட்டில் ஒரே பேச்சு. அழுத்தம் இறங்கும்போது ஆரம்பத்தில் இப்படிக் கொஞ்சம் ஏறும், 30 சதவீதத்துக்குள் என்றால் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்றார் டாக்டரம்மா. அதன்பின் அது மேலே போகவில்லை. ஆறு மாதத்தில் ஆல்புமின் விகிதம் 68.

போன வாரம் மச்சினனையும் கூட்டிப்போனேன். அவனுக்கும் ஒன்பது வருஷச் சர்க்கரை. ரத்தம் கொடுக்க உடனே கையை நீட்டியவன், மூத்திரக் குப்பியைப் பார்த்ததும், "இது எதுக்கு அத்தான், எனக்கு கிரியாட்டினின் 0.9-தான்" என்றான்.