திருகோணமலையில் முதல் தவக்காலம்

மெய்யியல் படிப்பு முடிந்து இறையியல் படிப்பு தொடங்குவதற்கு முன், எங்கள் கத்தோலிக்கத் துறவற சபையில், குருவாகப் பயிலும் ஒவ்வொரு சகோதரரையும் ஏதேனும் ஒரு பங்கில், அதாவது ஓர் ஆலயத்தைச் சேர்ந்த மக்கள் சமூகத்தில், பணியாற்ற அனுப்புவது வழக்கம். எனக்கு வந்த கடிதத்தில் திருகோணமலையின் கடலோரப் பங்கு ஒன்றின் பெயர் இருந்தது. நான் பேசாலையில் மீன்பிடிக் குடும்பமொன்றில் பிறந்தவன். மன்னார்க் கடலின் குணத்தை அறிவேனே தவிர, கிழக்குக் கடலைப் பற்றி எதுவும் அறியாதவன். இரண்டு வெள்ளை அங்கிகள், செபப்புத்தகம், சில உடுப்புகள், வேண்டாம் என்றும் கேளாமல் அம்மா கட்டித்தந்த கருவாட்டுப் பொதி ஆகியவற்றோடு, தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முதல்நாள் விடியற்காலையில் பேருந்து ஏறினேன்.

வவுனியாவில் மாறி, ஹொரவப்பொத்தானை வழியாகச் செல்லும் பேருந்தில் அமர்ந்தேன். இடையில் தேநீருக்கு நிறுத்திய கடையில், சீனி குறைத்துத் தரும்படி சிங்களத்தில் கேட்கத் தெரியாமல் விரலால் சைகை காட்டவேண்டியிருந்தது. பன்குளம் கடந்து, ஏழு வெந்நீர்க் கிணறுகள் உள்ள கன்னியாவின் பெயர்ப்பலகையைக் கண்டபோது ஊர் நெருங்கிவிட்டது என்று பக்கத்தில் இருந்த முஸ்லிம் பெரியவர் சொன்னார். அவர் கிண்ணியாவுக்குப் போகிறவர். 2009இல் பாலம் திறக்கப்படும்வரை தோணியையும் 'பாதை' எனப்படும் மிதவையையும் நம்பியே குடாவைக் கடந்த கதையை, நான் இறங்கும்வரை சொல்லிக்கொண்டு வந்தார். புதிய இடத்தைப் பற்றி எனக்குக் கிடைத்த முதல் பாடம் அவருடையதுதான்.

எனக்கு முன் அங்கு பணியாற்றிய சகோதரர் ஏற்கெனவே வேறு இடத்துக்குச் சென்றிருந்தார். அவர் விட்டுச்சென்ற அறையில் ஒரு கட்டிலும் ஒரு மேசையும், மேசையின் மேல் நீல மட்டை போட்ட ஒரு கொப்பியும் இருந்தன. குடும்ப அட்டைகளும் திருமுழுக்குப் பதிவேடுகளும் பங்குத்தந்தையின் அலுவலக அலுமாரியில் ஒழுங்காக உள்ளன. இந்தக் கொப்பி அப்படிப்பட்டதன்று. "கிணற்றடி வீடு: அம்மாவுக்கு வலது காது கேளாது, இடப்பக்கம் இருந்து பேசவும்" என்று ஒரு வரி. "சந்தி வீடு: மகன் கட்டாரில், அவனைப் பற்றிக் கட்டாயம் விசாரிக்கவும்" என்று இன்னொன்று. "வேப்பமரத்து வீடு: டிசம்பர் 26 அன்று தவறாமல் போகவும், செபம் சொல்லாவிட்டாலும் இருந்துவிட்டு வரவும்" என்ற வரியில் என் கண் நெடுநேரம் நின்றது. 2004இல் கடல் எழுந்து வந்த நாள் அது என்பதைத் தவிர வேறு விளக்கம் அங்கு எழுதப்படவில்லை. அந்த இரவில் நான் கொண்டுவந்த புத்தகங்களில் ஒன்றையும் திறக்காமல் கொப்பியையே முழுவதுமாக வாசித்தேன்.

நாளாந்த வாழ்வைப் பற்றி வீட்டார் தொலைபேசியில் திரும்பத் திரும்பக் கேட்பதால் அதையும் எழுதுகிறேன். நாலே முக்காலுக்கு எழுந்து, காலைச் செபமும் தியானமும் முடித்து, ஆறு மணித் திருப்பலிக்கு ஆலயத்தைத் திறந்து ஆயத்தம் செய்வேன். முற்றம் கூட்டுவதும் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவதும் என் பொறுப்பு. காலைச் சாப்பாடு பெரும்பாலும் பிட்டும் சம்பலும். பிறகு பங்கின் பழைய சைக்கிளில் வீடுகளைச் சந்திக்கப் புறப்படுவேன். நோயாளர் இருக்கும் வீடுகளுக்குப் பங்குத்தந்தையுடன் நற்கருணை கொண்டு செல்வதும் உண்டு. மாலையில் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, இரவில் ஏதாவது ஒரு வீட்டில் அன்பியம் எனப்படும் அயல் குடும்பக் குழுவின் செபமாலை. கதவு திறக்கும் வீடுகள் எல்லாவற்றிலும் தேநீர் தருகிறார்கள்; மறுத்தால் வருந்துகிறார்கள்.

முதல் வெள்ளிக்கிழமை நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். சிலுவைப்பாதை முடிந்ததும் பெண்கள் பாய் விரித்து அமர்ந்து, மாதாவின் துயரைச் சொல்லும் ஒப்பாரியைப் பாடுவார்கள். அதை எடுத்துக் கொடுக்கும்படி பங்குத்தந்தை என்னிடம் சொன்னார். எங்கள் ஊரிலும் சிறுவயது முதல் பாடி வளர்ந்த எனக்கு அது மனப்பாடம். சொற்களும் ஏறத்தாழ ஒன்றே. ஒலிவாங்கியை எடுத்து எங்கள் ஊர் மெட்டில் முழுக் குரலோடு தொடங்கினேன். முதலில் சிலர் தொடர்ந்தார்கள், பிறகு ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். உருகிக் கேட்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டு நான் இறுதிவரை தனியாகப் பாடி முடித்தேன். எல்லோரும் கலைந்தபின் ஆலயப் படியில் அமர்ந்திருந்த ஒரு வயதான தாயார் என்னை அருகில் அழைத்து, "பிறதர், நல்லாப் பாடுறீங்கள். ஆனா எங்கட அம்மாமார் அழுத மெட்டு அது இல்லையே" என்றார். குற்றம் சாட்டும் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. அதனால்தான் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் காலை அவர் வீட்டுக்குப் போய், மெட்டைச் சொல்லித் தரும்படி கேட்டேன். எங்கள் மெட்டில் 'மகனே' என்ற இடத்தில் குரல் தாழ்ந்து விழும். இங்கே அதே சொல்லில் குரல் மேலெழுந்து, மூச்சு முட்டியதுபோல் ஒரு கணம் நின்று, பிறகே இறங்குகிறது. அந்த நிறுத்தம் எனக்கு எளிதில் வரவில்லை. 1990இல் போரால் இடம்பெயர்ந்து முகாமில் இருந்தபோது, புத்தகம் ஒன்றும் கையில் இல்லாத அந்தத் தவக்காலத்தில், தம் தாயின் நினைவிலிருந்து வரிகளை எடுத்து எல்லோரும் பாடியதாக அவர் கூறினார். அப்படிக் காப்பாற்றிய ஒன்றின் மேல் நான் முதல் வாரத்திலேயே ஒலிவாங்கியைப் பிடித்து நின்றிருக்கிறேன்.

அதே தெருவில் வசிக்கும் முன்னாள் ஆசிரியர் ஒருவர், அவர் சைவர், ஒரு மாலை என்னைக் கோணேசர் கோயிலுக்கு அழைத்துப் போனார். பிரெட்ரிக் கோட்டையின் வாயிலைக் கடந்து, புள்ளிமான்கள் மேயும் சரிவின் வழியாக ஏறினோம். போர்த்துக்கேயர் அங்கிருந்த பெருங்கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டு 1624இல் அந்தக் கோட்டையைக் கட்டியதைப் பாடப்புத்தகத்தில் படித்திருக்கிறேன். ஆயினும், மண்ணுக்குள் மறைத்துக் காக்கப்பட்ட செப்புத் திருமேனிகள் 1950இல் கிணறு தோண்டியபோது வெளிப்பட்டதை, அந்த ஊரின் மகன் ஒருவர் கண்கள் பனிக்கச் சொல்லக் கேட்பது வேறு. அந்த மதிலின் அருகே என் கழுத்துச் சிலுவையோடு நின்றபோது, மறைப்பணியாளன் என்ற பெயர் இந்த மண்ணில் எதையெல்லாம் நினைவூட்டக்கூடும் என்பதை உணர்ந்தேன். அவரிடம் என் மனவருத்தத்தைச் சொன்னேன். அவர் என் கையைப் பற்றி, "தம்பி, நீங்கள் வந்து பாக்கிறீங்கள், அது போதும்" என்றார். எனக்கு அது போதுமாகப் படவில்லை. ஆனால் அவருடைய அன்பைப் பெற்றுக்கொண்டேன்.

மறைப்பணியாளரை இந்த ஊர் வேறுவிதமாகவும் நினைவில் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் லூசியானாவிலிருந்து வந்து கிழக்கு மாகாணத்திலேயே வாழ்ந்த இயேசு சபைக் குரு யூஜின் ஹேபியரைப் பற்றி, அவரிடம் கூடைப்பந்து பழகிய ஒரு முதியவர், பந்தை எறியும் பாவனையோடு எனக்கு விவரித்தார். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பிய வழியில் அந்தக் குரு காணாமற்போனார். "போயிருக்கலாம், தன்ர நாட்டுக்கு. போகேல்லை" என்று மட்டும் சொல்லி முதியவர் நிறுத்திக்கொண்டார்.

இப்போது கடல் அமைதியாகி வருகிறது. எங்கள் வீட்டில் சோளகம் என்று சொல்லும் தென்மேற்குக் காற்றுக்காலத்தை இங்குள்ளவர்கள் கச்சான் என்கிறார்கள். ஆண்டுதோறும் அந்தக் காற்றுக்காலத்தில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்து மீனவக் குடும்பங்கள் இந்தக் கரைக்கு வந்து வாடி எனும் தற்காலிகக் குடில் அடித்துத் தங்கித் தொழில் செய்யும். அவர்களில் பலர் சிங்களம் பேசும் கத்தோலிக்கர். ஆகவே இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஒரு மணிநேரம் சிங்களம் படிக்கிறேன். 1687இல் கோவாவிலிருந்து வந்து, தமிழையும் சிங்களத்தையும் கற்று, கத்தோலிக்க மறைக்கு ஒல்லாந்தர் விதித்த தடையை மீறி மறைவாக ஊர் ஊராக நடந்த புனித யோசப் வாஸை ஒவ்வொரு இரவும் துணைக்கு அழைக்கிறேன். தேநீர்க் கடையில் சீனி குறைக்கச் சொல்லும் வாக்கியம் இப்போது எனக்குத் தெரியும். பிள்ளைகளின் பெயர்களைக் கேட்கவும் தெரியும்.

நேற்று ஐந்தாம் வெள்ளி. நான் பாயின் கடைசி வரிசையில், சிறுவர்களோடு அமர்ந்தேன். அந்தத் தாயார் எடுத்துக் கொடுத்தார். 'மகனே' என்ற இடத்தில் குரல்கள் எல்லாம் மேலெழுந்து நின்றபோது என் குரலும் அவற்றோடு நின்றது. அறைக்கு வந்ததும் நீலக் கொப்பியில் முதன்முறையாக என் கையால் எழுதினேன்: "வெள்ளிக்கிழமை ஒப்பாரிக்கு ஒலிவாங்கி வேண்டாம். ஆலயப் படிக்கு எதிர்வீட்டு அம்மா எடுத்துக் கொடுப்பார். அவருக்கு முழங்கால் நோவு. பாய்க்குப் பதில் சிறிய வாங்கு ஒன்றை முன்னதாகவே எடுத்துவைக்கவும்."