'பையா' ஒரு பெயர் அல்ல

திருப்பூர் லைன் வீடுகளில் இது தினப்படிக் காட்சி. ஐந்து வீட்டு வரிசையில் ஒன்றில் ஒடிசாக் குடும்பம், ஒன்றில் அசாம் பையன்கள் நாலு பேர், மற்ற மூன்றில் தாராபுரம், மூலனூர்ப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்கள். காலையில் குழாயடியில் எல்லாரும் கூடும்போது, இடுப்பில் இருக்கும் ஒன்பது மாதக் குழந்தை முகம் முகமாகப் பார்க்கும். ஒடியாப் பெண் ஆசையாகக் கை நீட்டுவாள். குழந்தை வீறிட்டு அழும். "நம்மாளுங்க இல்லைன்னு அதுக்கே தெரியுதுங்க" என்று யாராவது சொல்லிச் சிரிப்பார்கள்.

அந்த ஒடியாப் பெண்ணின் முகத்துக்கும் தாராபுரத்துப் பெண்ணின் முகத்துக்கும் அப்படியொன்றும் வித்தியாசம் இல்லை என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஆறேழு மாதத்துக்குப் பிறகு குழந்தைக்கு வேற்றாள் பயம் வரும். ஒரு வயதை ஒட்டி அது உச்சத்தில் இருக்கும். வெளியூரில் இருக்கிற சொந்த அப்பச்சி திடீரென்று வந்து தூக்கினாலும் அழத்தான் செய்யும். அழுகையை விட்டுவிடலாம். அதற்குப் பெரியவர்கள் சொன்ன காரணமும், சொன்னபோது சிரித்த சிரிப்பும்தான் பார்க்க வேண்டியவை. முகத்தில் எதைப் பார்க்கிறது, ஆளுக்கு ஆள் பெரியவர்கள் நடந்துகொள்வதில் எதைப் பார்க்கிறது என்று குழந்தையின் பார்வையில் இரண்டு தனித்தனி வேலைகள் நடக்கின்றன. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் "பிறவியிலேயே தெரியும்" என்ற பேச்சு வருகிறது.

முதலில் முகம். பிறந்த குழந்தைக்கு இனம், நிறம் எதுவும் கணக்கில்லை. 2005-இல் டேவிட் கெல்லி குழு இங்கிலாந்தில் வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு வெவ்வேறு இனத்தார் முகங்களை இரண்டிரண்டாகக் காட்டியது. பிறந்து சில நாளே ஆன குழந்தைகள் எந்தப் பக்கமும் சாயவில்லை. மூன்று மாதக் குழந்தைகள் வெள்ளை முகத்தைக் கூடுதல் நேரம் பார்த்தன. இடையில் நடந்தது பழக்கம் மட்டும்தான். அடுத்த ஆண்டு யாயிர் பார்-ஹைம் குழு இதை இன்னும் தெளிவாகக் காட்டியது. எத்தியோப்பியாவில் வளரும் மூன்று மாதக் குழந்தைகள் கறுப்பு முகத்தையும், இஸ்ரேலின் வெள்ளைக் குழந்தைகள் வெள்ளை முகத்தையும் அதிகம் பார்த்தன. இஸ்ரேலில் குடியேறி, இரண்டு வகை முகங்களையும் தினமும் பார்த்து வளர்ந்த எத்தியோப்பியக் குழந்தைகளுக்கு அந்தச் சாய்வே இல்லை. அவற்றின் தோலும் கறுப்புதான். பார்த்து வளர்ந்த முகங்கள்தான் வேறு.

2007-இல் கெல்லி குழு அடுத்த படியைப் பார்த்தது. மூன்று மாதத்தில் ஆப்பிரிக்க, மத்தியக் கிழக்கு, சீன, வெள்ளை முகங்கள் எதைக் காட்டினாலும் ஆளுக்கு ஆள் பிரித்தறிந்த வெள்ளைக் குழந்தைகள், ஆறு மாதத்தில் வெள்ளை, சீன முகங்களோடு நின்றுவிட்டன. ஒன்பது மாதத்தில் வெள்ளை முகங்களை மட்டுமே பிரித்தறிந்தன. மற்றவை எல்லாம் 'ஒரே மாதிரி' ஆகிவிட்டன. அசாம் பையன்கள் நாலு பேரும் நமக்கு ஒரே ஆளாகத் தெரிவதும், பொள்ளாச்சிக்காரர்கள் நாலு பேர் அவர்களுக்கு ஒரே ஆளாகத் தெரிவதும் இதே கதைதான்.

இதை எப்படி அளக்கிறார்கள் என்று தெரிந்தால்தான் எங்கே ஏமாறலாம் என்பதும் தெரியும். குழந்தையைத் தாயின் மடியில் வைத்து, திரையில் ஒரே முகத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுவார்கள். முதலில் உற்றுப் பார்க்கும். போகப் போகச் சலிக்கும். ஆரம்பத்தில் பார்த்த நேரத்தில் பாதியாகக் குறைந்தால் சலித்துவிட்டது என்று கணக்கு. பிறகு அந்த முகத்தையும் புதிய முகம் ஒன்றையும் பக்கம் பக்கமாக வைப்பார்கள். புதியதையே அதிகம் பார்த்தால் இரண்டும் வேறு ஆள் என்று குழந்தைக்குத் தெரிகிறது. இரண்டையும் சமமாகப் பார்த்தால் தெரியவில்லை. சில நொடி கழித்து இடம் வலம் மாற்றி மறுபடி காட்ட வேண்டும், ஏனென்றால் சில குழந்தைகள் என்ன காட்டினாலும் ஒரு பக்கமே திரும்பும். தாயின் கண்ணை மறைக்க வேண்டும் அல்லது மூடச் சொல்ல வேண்டும். அவர் திரையைப் பார்த்தால் உடம்பு ஒரு பக்கம் லேசாகச் சாயும், மடியில் இருக்கும் குழந்தையும் சாயும். பசி, தூக்கம், ஈரத்துணி என்று பல குழந்தைகள் நடுவிலேயே அழுது கணக்கிலிருந்து விழுந்துவிடும்.

இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. அதிக நேரம் பார்ப்பது பிடித்திருப்பதாலும் இருக்கலாம், புதிதாக இருப்பதாலும் இருக்கலாம். மூன்று மாதத்தில் பழகியதை அதிகம் பார்த்த குழந்தை, பெரிதானபின் பழகாததை உற்றுப் பார்க்கும். பார்வையை வைத்து "வெறுக்கிறது" என்று எழுதும் செய்தித்தாள் தலைப்பு எதையும் நம்பத் தேவையில்லை. இந்தத் துறையில் புகழ்பெற்ற முடிவுகளே ஆட்டம் கண்டிருக்கின்றன. இடைஞ்சல் செய்யும் பொம்மையை விட்டு உதவி செய்யும் பொம்மையையே குழந்தைகள் தேர்ந்தெடுக்கும் என்ற 2007-ஆம் ஆண்டு முடிவை 37 ஆய்வகங்கள் சேர்ந்து மறுபடி செய்து 2024-இல் வெளியிட்டபோது, தேர்வு ஏறக்குறையப் பாதிக்குப் பாதியாகவே நின்றது. மேலே சொன்ன முக ஆய்வுகள் பல ஆய்வகங்களில் ஒரே திசையைக் காட்டியவை என்பதால் கனம் கூட. ஆனாலும் பிரிட்டிஷ் குழந்தையின் மாதக்கணக்கை ஈரோட்டுக் குழந்தைக்கு அப்படியே ஒட்டக் கூடாது.

முகம் என்று நாம் சொல்வதைக் குழந்தை எப்படிப் பார்க்கிறது என்பதும் வேறு. பிறந்து நாலு நாளில் தாயை அடையாளம் கண்டுகொண்ட குழந்தைகள், தாய் தலையில் துணி கட்டி முடியை மறைத்ததும் தடுமாறின என்று 1995-இல் ஒலிவியே பாஸ்காலிஸ் குழு கண்டது. முடி தொடங்கும் கோடுதான் அந்த வயதில் பெரிய அடையாளம். எண்ணெய் தேய்த்துக் குளித்துத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வரும் அம்மாவைத் தூரியில் கிடக்கும் குழந்தை கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தால் கோபிக்க வேண்டியதில்லை. முகச்சாயல், தோல் நிறம் என்று நாம் வரிசைப்படுத்துவதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

நிறத்தைவிட மொழி முந்திக்கொள்கிறது. கேத்ரின் கின்ஸ்லரும் எலிசபெத் ஸ்பெல்கியும் மற்றவர்களும் 2007-இல் செய்தது: பத்து மாதக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் பேசும் ஒருவரையும் பிரெஞ்சு பேசும் ஒருவரையும் படத்தில் காட்டினார்கள். பிறகு இருவரும் வாய் திறக்காமல் ஆளுக்கொரு பொம்மையை நீட்டினார்கள். அமெரிக்கக் குழந்தைகள் ஆங்கிலக்காரரின் பொம்மையையும், பிரெஞ்சுக் குழந்தைகள் பிரெஞ்சுக்காரரின் பொம்மையையும் நாடின. அதே ஏற்பாட்டில் மொழிக்குப் பதிலாக நிறத்தை வைத்து 2011-இல் வெளியிட்டபோது பத்து மாதக் குழந்தை எவரிடமும் சாயவில்லை. இரண்டரை வயதுக் குழந்தையும் தன் கையில் இருந்ததை நிறம் பார்த்துக் கொடுக்கவில்லை. ஐந்து வயதில்தான் அந்தச் சாய்வு தென்பட்டது. முகத்தைப் பிரிப்பது ஒன்பது மாதத்தில் குறுகிவிடுகிறது, நிறம் பார்த்து ஆளை ஒதுக்குவது ஐந்து வயதில் தலைகாட்டுகிறது. இடையில் நாலு வருடம் இருக்கிறது.

அந்த நாலு வருடமும் குழந்தை நம்மைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது. இரண்டு பேர் முகம் பார்த்துப் பேசுவதற்கும் முதுகு காட்டிப் பேசுவதற்கும் வித்தியாசம் ஆறு மாதக் குழந்தைக்கே தெரிகிறது. ஒரே மொழி பேசும் இருவர் நட்பாக இருப்பார்கள் என்று ஒன்பது மாதக் குழந்தை எதிர்பார்க்கிறது. ஒருவருக்குப் பிடித்த சாப்பாடு அவர் மொழி பேசும் இன்னொருவருக்கும் பிடிக்கும் என்று கருதுவதும் உண்டு. அதில் இரட்டை மொழி கேட்டு வளரும் குழந்தைகள் அந்த எதிர்பார்ப்பை வேற்றுமொழி பேசுபவருக்கும் நீட்டுகின்றன. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, தெருவில் தமிழோ என்று வளரும் கோவைக் குழந்தைகளுக்கு இது இலவசமாகக் கிடைத்த சொத்து.

நம்மூர்க்காரர் நின்று படிக்க வேண்டியது ஆஷ்லி தாமஸ் குழு 2022-இல் வெளியிட்டதை. ஒரு பொம்மையோடு ஒரு பெண் ஒரே ஆரஞ்சுச் சுளையை மாறி மாறிக் கடித்து உண்கிறாள், இன்னொருத்தி பந்து உருட்டி விளையாடுகிறாள். பிறகு பொம்மை அழும்போது குழந்தைகள் முதலில் திரும்பிப் பார்த்தது எச்சில் பகிர்ந்தவளை. எச்சில் பகிர்வது நெருங்கிய உறவு என்பது ஒன்பது மாத அளவிலேயே பிடிபடுகிறது. அப்படியென்றால் தோட்டத்து வேலைக்கு வந்தவருக்குத் தனி டம்ளர், தண்ணீரைக் கைக்கு மேலே தூக்கி ஊற்றுவது என்றெல்லாம் நடக்கிற வீட்டில், திண்ணையில் தவழும் குழந்தைக்கு என்ன போய்ச் சேரும் என்று கேட்காமல் இருக்க முடியாது. சாதி எந்த முகத்திலும் எழுதியிருப்பதில்லை. குழந்தைக்கு அது தெரிய வர டம்ளர் வேண்டும்.

வாய்ப்பேச்சு இதைச் சரிக்கட்டாது. இத்தாலியில் லூய்ஜி காஸ்டெல்லி குழு 2008-இல் பாலர் பள்ளிக் குழந்தைகளுக்கு ஒரு வெள்ளையரும் ஒரு கறுப்பரும் சந்திக்கும் வீடியோவைக் காட்டியது. வெள்ளையர் வாயால் நட்பாகப் பேசினாலும் உடம்பில் கூச்சம் தெரிந்தால், குழந்தைகள் உடம்பையே நம்பின. 2017-இல் அமெரிக்காவில் நாலைந்து வயதுக் குழந்தைகளிடம் செய்ததில், சிரிப்போடு நடத்தப்பட்ட பெண்ணையும் முறைப்போடு நடத்தப்பட்ட பெண்ணையும் பார்த்த குழந்தைகள் முதலாமவளின் பக்கம் சாய்ந்தன. அதே நிறச் சட்டை போட்ட அவள் தோழிக்கும் அந்தச் சாய்வு நீண்டது. ஒருவரிடமிருந்து ஒரு கூட்டத்துக்குத் தாவ ஒரு சட்டை நிறம் போதும்.

கொங்கில் இன்னொரு கருவி இருக்கிறது: 'ங்க'. பேரனைக்கூட "வாங்க சாமி, சாப்பிடுங்க" என்று கூப்பிடுகிற ஊர் இது. எல்லாருக்கும் போகும் அந்த 'ங்க' பானிபூரிக்காரரிடமும் செங்கல் சுமக்க வந்த பீகார்க்காரரிடமும் மட்டும் "ஏய், இங்க வா" என்று நின்றுபோனால் காதுக்கு உறைக்கும். 'ங்க'வே இல்லாத ஊரில் இது இவ்வளவு பளிச்சென்று தெரியாது என்பது என் எண்ணம். குழந்தை வளரும் வீட்டில் எதையாவது ஒன்றை மாற்றுவதென்றால் இதிலிருந்து தொடங்கலாம். காசு செலவில்லை.

முகப் பழக்கத்துக்கும் வழி உண்டு. 2011-இல் வந்த ஆய்வில் வெள்ளைக்காரக் குழந்தைகளுக்கு ஆறு முதல் ஒன்பது மாதம் வரை சீன முகங்கள் கொண்ட படப்புத்தகத்தைக் காட்டினார்கள். மொத்தம் ஒரு மணி நேரம்தான். மூன்று மாதத்துக்குப் பிரித்தால் நாளுக்கு 40 நொடி. ஒன்பது மாதத்தில் அந்தக் குழந்தைகள் சீன முகங்களைப் பிரித்தறிந்தன. ஆனால் வெறுமனே காட்டினால் போதாது. லிசா ஸ்காட் குழு 2009-இல் குரங்கு முகங்களை வைத்துச் செய்ததில், ஒவ்வொரு முகத்துக்கும் தனிப் பெயர் சொல்லிக் காட்டப்பட்ட குழந்தைகளுக்கே திறமை தங்கியது. எல்லாவற்றையும் "குரங்கு" என்றே சொன்னாலும், ஒன்றுமே சொல்லாமல் காட்டினாலும் பயனில்லை. கட்டிங் மேஜையில் நிற்பவர், அயர்னிங்காரர், பெட்டி சுமப்பவர் எல்லாரையும் "பையா" (இந்தியில் அண்ணன்) என்றே கூப்பிடுவதில் என்ன நடக்கிறது என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம்.

வீட்டில் செய்வதானால், லைன் வீட்டு அக்கம்பக்கத்தாரிடம் கேட்டு ஆறு பேர் படம் எடுங்கள். நேர் முகம், ஒரே சுவர் பின்னணி, ஒரே வெளிச்சம். தொப்பி, கண்ணாடி, பளிச்சென்ற தோடு வேண்டாம். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு முகத்தை விட்டுவிடும். ஆறு பேரும் வெவ்வேறு சாயலாக இருந்தால் சுலபமாகிப் பயன் குறையும். அசாம் பையன்கள் நாலு பேரையும் சேர்த்துக்கொண்டால்தான் கண்ணுக்கு வேலை. அஞ்சலட்டை அளவில் அச்சடித்து லேமினேஷன் போட்டு, முனையை வட்டமாக வெட்டி, முகத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் காட்டி, ஒவ்வொன்றுக்கும் அவரவர் பெயரைச் சொல்லுங்கள். பெயரைத் தப்பாகச் சொன்னால் அவர்களே திருத்துவார்கள், அதுவும் நல்லதுதான். குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் அன்றைக்கு அத்தோடு முடிந்தது. துரத்திக் காட்டினால் அந்தப் படத்தைக் கண்டாலே சிணுங்கும்.

நேரில் பழக்குவதற்கு வேறு முறை. வருகிறவர் வந்ததும் குழந்தையைத் தூக்க வேண்டாம். ஆறடி தள்ளி, தரையில், கொஞ்சம் பக்கவாட்டில் உட்காரட்டும். அம்மா முதலில் அவரோடு ஐந்து நிமிடம் பேசட்டும். டீ கொடுப்பதானால் வீட்டார் குடிக்கும் அதே டம்ளரில், கையில். குழந்தை இரண்டு முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும். அப்படிப் பார்ப்பது நின்று, பொம்மையையோ தரையையோ நோண்ட ஆரம்பித்தால் அவர் ஒரு கிண்ணத்தை மெதுவாகத் தரையில் தள்ளிவிடலாம். எடுத்தால் சரி. எடுக்காவிட்டால் நாளைக்கு மறுபடி. நடுவில் யாராவது "பூச்சாண்டி வந்துட்டான் பாரு" என்று சிரித்தால் அன்றைய ஐந்து நிமிடமும் வீண், முதலிலிருந்து தொடங்க வேண்டும்.