பி செல்லுல இருக்கிற அந்த ‘பி’

போன வாரம் அப்ரைசல் ஃபார்ம் நிரப்பிட்டு இருந்தேன். நம்ம பேப்பரை மத்தவங்க மேற்கோள் காட்டின மொத்த சைட்டேஷன் எவ்ளோ, அதை வச்சுக் கணக்கு போடற எச் இண்டெக்ஸ் எவ்ளோ, பேப்பர் வந்த ஜர்னலோட மதிப்பைச் சொல்ற இம்பாக்ட் ஃபேக்டர் எவ்ளோன்னு கட்டம் கட்டமா கேட்டு வச்சிருக்காங்க. எனக்கு இருக்கிறதே நாலு பேப்பர், அதுல ஒண்ணை சைட் பண்ணின ஆளுங்கள்ல பாதி நானேதான். கடுப்புல லேப்டாப்பை மூடிட்டு டீ குடிக்கப் போனப்போ புரூஸ் கிளிக்னு ஒரு கோழி ஆராய்ச்சியாளர் ஞாபகம் வந்துச்சு.

இம்யூனாலஜி, அதாவது நோய் எதிர்ப்பு சக்தி பத்திப் படிச்சவங்களை, கிருமியை எதிர்க்கிற ஆன்டிபாடிங்கற புரதத்தை உண்டாக்கற பி செல்லுல ‘பி’ன்னா என்னன்னு கேட்டுப் பாருங்க, பாதிப் பேர் போன் மேரோ, அதாவது எலும்பு மஜ்ஜைம்பாங்க. எம்.எஸ்சி. முடிக்கிற வரைக்கும் நானும் அந்த கோஷ்டிதான். ஆனா அந்தப் பேரு வந்தது பர்சாலேர்ந்து. பர்சா ஆஃப் ஃபேப்ரீஷியஸ்னு கோழிக்கு எச்சம் போற வாய்க்கு மேல ஒட்டிட்டு இருக்கிற ஒரு சின்னப் பை. ஃபேப்ரீஷியஸ்னு இத்தாலில ஒரு உடற்கூறியல் ஆளு இதைப் பத்தி எழுதினது அவர் செத்தப்புறம் 1621ல அச்சாச்சு, அப்புறம் முன்னூறு வருஷத்துக்கு மேல அது எதுக்கு இருக்குன்னே யாருக்கும் தெரியல.

1950களோட ஆரம்பத்துல ஓஹையோ ஸ்டேட் யுனிவர்சிட்டில ஒரு புரொஃபசர் வாத்து மாதிரி இருக்குமே கூஸ், அதை அறுத்துக் காட்டிட்டு இருந்தாரு. பக்கத்துல நின்ன ஸ்டூடண்ட் கிளிக் இது என்ன சார்னு கேக்க, அவர் பர்சான்னு சொல்ல, இது என்ன வேலை பண்ணும்னு இவர் திரும்பக் கேக்க, நல்ல கேள்வி, நீயே கண்டுபிடின்னுட்டாராம். கிளிக்கும் குஞ்சுங்களுக்கு பர்சாவை வெட்டி எடுத்துட்டு வளர்த்துப் பாத்தாரு, பெருசா ஒரு வித்தியாசமும் தெரியல.

திருப்பம் வந்தது இன்னொரு ஸ்டூடண்ட்டால. திமோத்தி சாங் கிளாஸ்ல பசங்களுக்கு ஆன்டிபாடி உருவாகிறதைக் காட்டணும், கோழி வேணும். கிளிக்கோட கோழிங்களை வாங்கி சால்மோனெல்லா பாக்டீரியா ஊசி போட்டாரு. டெஸ்ட் பண்ணினா ஆன்டிபாடியே காணோம், டெமோ சொதப்பல். வேற யாராவது இருந்தா கோழியைத் திட்டிட்டு போயிருப்பாங்க, இவங்க எந்தக் கோழிக்கு பர்சா இல்லன்னு நோட்டைப் புரட்டிப் பாத்தாங்க, பர்சா எடுத்த கோழிங்கதான் அத்தனையும். முறையா திரும்பப் பண்ணினாங்க, குஞ்சா இருக்கும்போதே எடுத்துட்டா ஆன்டிபாடி வர்றதில்லைன்னு உறுதியாச்சு.

சயின்ஸ்ங்கற பெரிய ஜர்னலுக்கு அனுப்பினாங்க. எப்படி நடக்குதுன்னு இன்னும் விளக்கிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. சரின்னு 1956ல பவுல்ட்ரி சயின்ஸ்ல போட்டாங்க, அதாவது கோழி ஆராய்ச்சிக்காரங்க படிக்கிற ஜர்னல். அந்த சயின்ஸ் எடிட்டரை முழுசா திட்டவும் எனக்கு மனசு வரல, ஏன்னா அந்த ‘எப்படி’க்கு விடை கிடைக்க இன்னும் ஒன்பது வருஷம் ஆச்சு. ஆனா இம்யூனாலஜிஸ்ட் எவனும் அந்தக் கோழி ஜர்னலைப் புரட்ட மாட்டான் இல்லியா, அதான் பிரச்னை. விஸ்கான்சின்ல கோழி ஆன்டிபாடில வேலை பாத்துட்டு இருந்த ஹரால்ட் உல்ஃப் மாதிரி சில பேர் கண்ல பட்டுச்சு, அங்கேர்ந்துதான் மெல்லப் பரவிச்சு. 1965ல மின்னசோட்டால மேக்ஸ் கூப்பர், ராபர்ட் குட் குரூப் தைமஸ்ங்கற சுரப்பில ஒரு வகை செல், பர்சால இன்னொரு வகைன்னு கோழில பிரிச்சுக் காட்டினாங்க. அப்புறம்தான் தைமஸ்லேர்ந்து டி, பர்சாலேர்ந்து பிங்கற பேரே நிலைச்சுது. நம்மளுக்கு பர்சா கிடையாது, அந்த வேலையை எலும்பு மஜ்ஜை பண்ணுது, இங்கிலீஷ்ல அதுக்கும் ‘பி’யே வந்து தொலைஞ்சதால எல்லாரும் குழம்பிட்டோம்.

கிளிக் மிசிசிப்பி ஸ்டேட்ல கோழித் துறையிலயே இருந்தாரு, அப்புறம் கிளெம்சன். 2019ல கூப்பருக்கும் தைமஸோட வேலையைக் கண்டுபிடிச்ச ஜாக் மில்லருக்கும் லாஸ்கர்ங்கற பெரிய மருத்துவ விருது கிடைச்சப்போ கிளிக் உயிரோட இல்ல. அந்த பேப்பர் பின்னாடி நூத்துக்கணக்குல சைட் ஆச்சுதான். ஆனா இன்னிக்கு பி செல்லுன்னு எழுதுற எவன் 1956 பேப்பரை சைட் பண்றான்? ராபர்ட் மெர்ட்டன்னு ஒரு சமூகவியல்காரர் இதைச் சொல்லிருக்காரு, ஒரு விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சதா ஆயிடுச்சுன்னா அதைச் சொன்னவன் பேரு உதிர்ந்து போயிடும்னு. எச் இண்டெக்ஸ்ல அதுக்கு கட்டம் இல்ல.

சாயங்காலம் கோழிக்கடைல நின்னுட்டு இருந்தேன். கடைக்கார அண்ணன் வால் பக்கம் ஒரே வெட்டா வெட்டி கூடைல போட்டாரு. அண்ணே அதை மட்டும் தனியா குடுங்கண்ணேன்னேன். நாய்க்கா தம்பின்னாரு. ஆமாண்ணேன்னுட்டேன், வேற என்ன சொல்றது. வீட்டுக்கு வந்து பிளேடால கீறிப் பாத்தா திராட்சை மாதிரி வெளிர் மஞ்சள்ல ஒரு உருண்டை, அதான் பர்சா, உள்ள புஸ்தகப் பக்கம் மாதிரி மடிப்பு மடிப்பா. நாமக்கல் பக்கம் பண்ணைக்காரங்க குஞ்சுக்கு கம்போரோங்கற நோய்க்கு தடுப்பு மருந்து குடுக்கறாங்களே, அந்த வைரஸ் அழிக்கிறது இதைத்தான், இது போச்சுன்னா கோழிக்கு எதிர்ப்பு சக்தியும் போச்சு. அம்மா வந்து எட்டிப் பாத்துட்டு, அந்த பிளேடை திரும்ப பாத்ரூம்ல வச்சிடாதடான்னு சொல்லிட்டுப் போனாங்க.