குடும்ப அறிவியல் விளையாட்டு நாளுக்கு மூன்று மேசை போதும்

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். அதையொட்டிப் பல கல்வி வளாகங்கள் பொதுமக்களைக் கட்டணமில்லாமல் உள்ளே விடுகின்றன. பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் ஆண்டுக்கொரு நாள் அப்படித் திறந்துவிடுகிறது. இந்த நாட்களில் பிள்ளைகள் கைகட்டி வேடிக்கை பார்க்கும் அரங்குகளே அதிகம். அவர்களே செய்து, கெடுத்து, மறுபடி செய்து பார்க்கும் மேசைகள் வேண்டும். ஒரு சவால் பத்து நிமிடத்துக்குள் முடியட்டும்; இரண்டாவது முயற்சியில்தான் ருசியே இருக்கிறது.

செலவே இல்லாதது காகிதப் பாலம். ஓர் ஏ4 தாள், 20 செ.மீ. இடைவெளியில் இரண்டு புத்தக அடுக்குகள், ஒரு பேப்பர் கப், கொஞ்சம் ஒரு ரூபாய் நாணயங்கள். தாளைத் தட்டையாக வைத்தால் உடனே தொய்ந்துவிடும். ஒரு செ.மீ. அகலத்தில் விசிறி மடிப்பாக மடித்தால் தாங்கும். ஆனால் மடிப்புக் கோடுகள் ஓர் அடுக்கிலிருந்து மற்றதுக்கு நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே மடித்தால் எடை விழுந்ததும் விரிந்துவிடும். சரியாக மடித்த தாளும்கூட கடைசியில் பக்கவாட்டில் அகன்றுதான் சரியும். அடியில் குறுக்காக டேப் ஒட்டினால் இன்னும் தாங்கும். இதை முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். பாலம் விழுந்ததும் பிள்ளை தானே குனிந்து அடியில் பார்க்கும்.

கூட்டம் அலைமோதுவது தண்ணீர் ராக்கெட்டுக்கு. கூல்டிரிங்க்ஸ் பாட்டில்தான் வேண்டும். வெறும் குடிநீர் பாட்டில் மெல்லியது, அழுத்தம் தாங்காது. பாட்டில் வாயை அடைக்கும் ரப்பர் கார்க்கில் பந்துக்குக் காற்றடிக்கும் ஊசியைச் செருகி, நீளமான டியூப் வழியாக சைக்கிள் பம்பில் இணைக்க வேண்டும். பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர். கூடினால் எடையும் கூடி, காற்றுக்கு இடம் குறையும். தண்ணீரே இல்லையென்றால் உந்த எதுவும் இல்லாமல் காற்று நொடியில் தீர்ந்துவிடும். நடுவானில் குட்டிக்கரணம் போட்டால் மூக்கில், அதாவது மேலே நிற்கும் பாட்டிலின் அடிப்பக்கத்தில், கொஞ்சம் களிமண் சேருங்கள். வால் இறக்கைக்கு அட்டை வேண்டாம், நனைந்து தொங்கிவிடும். பழைய பிளாஸ்டிக் ஃபைலை வெட்டிக்கொள்ளலாம்.

காற்றடித்தும் ராக்கெட் கிளம்பவில்லையென்றால் யாரும் கிட்டே போகக் கூடாது. பம்பு பக்கம் டியூப்பைக் கழற்றிக் காற்று முழுவதும் இறங்கிய பிறகே தொட வேண்டும். கீறலோ வெள்ளைக் கோடோ விழுந்த பாட்டிலைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள். பம்பு அடிப்பவருக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம், பார்ப்பவர்கள் எல்லோரும் அவருக்குப் பின்னால்.

சின்னக் குழந்தைகளுக்கு ஒரு தட்டில் இரண்டு கப் கார்ன்ஃப்ளாரும் ஒரு கப் தண்ணீரும். மஞ்சள் மக்காச்சோள மாவு சரிப்படாது. கார்ன்ஃப்ளார் கலவையைக் குத்தினால் கல்லாக இறுகும், கையில் அள்ளினால் ஒழுகும். பரீட்சித்துப் பார்க்கப் பெரியவர்களும் வரிசையில் வருவார்கள். மிஞ்சியதை சிங்க்கில் கொட்டினால் குழாய் அடைத்துக்கொள்ளும். வெயிலில் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.