ரஸ்ட் கம்பைலரைச் சுற்றவிட்டுப் பார்த்தது

எண்களை டைப்புகளாகவே எழுதி, கூட்டல் வேலையைக் கம்பைலர் (கோடை இயங்கும் வடிவத்துக்கு மாற்றும் மென்பொருள்) தலையில் கட்டும் ஒரு சின்ன லைப்ரரியை ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியில் எழுதினேன். ‘பூஜ்யம்’ ஒரு டைப். ‘அடுத்தது’ என்பது இன்னொரு எண்ணைத் தனக்குள் வைத்திருக்கும் டைப். டிரெய்ட் என்பது ஒரு டைப்புக்கு என்ன திறன் இருக்க வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தம். கூட்டல் டிரெய்ட்டின் விடை ஒரு அசோசியேட்டட் டைப், அதாவது அந்த டிரெய்ட்டோடு சேர்ந்தே வரும் டைப். அதைக் கண்டுபிடிக்க, உள்ளே இருக்கும் எண்ணின் கூட்டலை முதலில் கண்டுபிடித்தாக வேண்டும்.

இதை ரன் பண்ணிச் சோதிக்க வேண்டியதே இல்லை. ‘இரண்டோடு மூன்றைக் கூட்டிய விடை ஐந்து என்ற டைப்பாகவே இருக்க வேண்டும்’ என்று நிபந்தனை போட்ட வெற்று ஃபங்ஷனை அழைத்தால் போதும். கம்பைல் ஆனால் பாஸ். படிக்கு ஒரு ‘அடுத்தது’ கழன்றுவிடுவதால் சட்டென்று முடிந்தது.

அப்புறம் வேண்டுமென்றே தலைகீழாக ஒன்று: வெக்டர்-டி-க்கு (டி என்ற ஏதோ ஒரு டைப்பின் பட்டியல்) ஒரு டிரெய்ட் இருந்தால்தான் டி-க்கும் அது உண்டு. இப்போது டைப் தேய்வதற்குப் பதிலாக வளர்கிறது. இ0275 பிழை வந்தது: தேவையைச் சரிபார்க்கப் போய் வரம்பு மீறிவிட்டது என்று பொருள். 126 தேவைகளை மறைத்திருப்பதாகச் சொல்லி, ரிகர்ஷன் வரம்பை (எத்தனை படி ஆழம் போகலாம் என்ற எல்லை, வழக்கமாக 128) 256 ஆக்கிப் பார்க்கச் சொன்னது. கேட்கிறதே என்று ஆக்கினேன். அதையும் தின்றுவிட்டு 512 கேட்டது! நிஜமாகவே ஆழமான கூட்டலுக்கு இந்த யோசனை உதவும். பிழையில் அச்சாகும் டைப் ஒரே அச்சில் வளர்ந்துகொண்டே போனால் வரம்பைத் தொடாமல் நிபந்தனையைத்தான் திருத்த வேண்டும்.

எனக்குச் சுவாரசியமாக இருந்தது மூன்றாவது சோதனை. தன்னையே ஆப்ஷனுக்குள் (இருக்கலாம், இல்லாமலும் போகலாம்), பாக்ஸுக்குள் (ஹீப் நினைவகத்தில் வைத்ததைச் சுட்டுவது) வைத்திருக்கும் லிங்க்டு லிஸ்ட், அதாவது ஒவ்வொன்றும் அடுத்ததைச் சுட்டும் சங்கிலிப் பட்டியல். அதற்கு ‘சென்ட்’ (ஒரு த்ரெட்டிலிருந்து இன்னொரு த்ரெட்டுக்கு அனுப்பலாம் என்ற டிரெய்ட்) உண்டா என்று கேட்டால் கம்பைலர் ஆப்ஷன், பாக்ஸ் வழியாகச் சுற்றிப் பழைய கேள்விக்கே வந்து, உண்டு என்கிறது. அதே பாதையில் சுற்றும்படி நானே எழுதிய டிரெய்ட்டுக்கோ மறுபடி இ0275. சென்ட் ஆட்டோ டிரெய்ட், அதாவது உள்ளே இருப்பவற்றுக்கு இருந்தால் கம்பைலரே தானாகக் கொடுப்பது. அங்கே சுற்று வந்தால் ‘மறுக்கக் காரணமில்லை, சரி’ என்று விட்டுவிடுகிறது. சாதாரண டிரெய்ட்டுக்கு எங்காவது தரை தட்டும் ஆதாரம் வேண்டும்.

கம்பைல் ஆகக் கூடாத கோடுக்கு முதலில் டாக் டெஸ்ட்டின் (ஆவணத்தில் எழுதிய எடுத்துக்காட்டுக் கோடையே சோதிப்பது) ‘கம்பைல் ஃபெயில்’ குறியைத்தான் யோசித்தேன். ஆனால் ஒரு அரைப்புள்ளி விட்டுப்போனாலும் அது பாஸ் ஆகிவிடும். அதனால் பிழைச் செய்தியையே ஒப்பிடும் டிரைபில்டு என்ற டெஸ்ட் லைப்ரரிக்குப் போனேன். கம்பைலர் பதிப்பு மாறினால் பிழை வாசகமும் மாறக்கூடும் என்பதால், அந்த டெஸ்ட்டுகளை மட்டும் ஒரே பதிப்பில் கட்டிப்போட்டிருக்கிறேன்.