யாஸ்மினின் கேசட்டுகள்

டொராண்டோவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த படம், கிரண் ராவ் இயக்கிய ‘தோபி காட்’. ஷெர்போர்ன் தெருவில் உள்ள நூலகக் கிளையில் டிவிடி இரவல் கிடைத்தது. இந்தப் படம் முதன்முதலில் திரையிடப்பட்டதும் இதே ஊரில்தான், 2010 செப்டம்பரில், டொராண்டோ திரைப்பட விழாவில். இந்தியாவில் தியேட்டருக்கு வந்தது 2011 ஜனவரியில். பாட்டு கிடையாது. ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஓடும், அவ்வளவுதான். எனக்கு இந்தி அரைகுறை. ஆனால் அது ஒரு தடையாகவே தெரியவில்லை. முக்கியமான இடங்களில் யாரும் பேசுவதே இல்லை.

படத்தில் நாலு பேர். யாரோடும் ஒட்டாத ஓவியர் அருண், பழைய மும்பையில் ஒரு வீட்டுக்குப் புதிதாகக் குடிவருகிறார். அமெரிக்காவில் வங்கி வேலை பார்க்கும் ஷாய், விடுப்பு எடுத்துக்கொண்டு கேமராவோடு மும்பைக்கு வந்திருக்கிறாள். இவர்கள் இருவருக்கும் துணி வெளுப்பவன் முன்னா. பீகாரிலிருந்து பிழைக்க வந்தவன். பகலில் துணி, இரவில் எலி அடிக்கும் வேலை, மனதுக்குள் நடிகனாகும் ஆசை. நாலாவது ஆள் யாஸ்மின். அவள் மற்ற மூவரையும் சந்திப்பதே இல்லை. அருண் குடிவந்த வீட்டில் முன்பு இருந்தவள். அவள் விட்டுப்போன வீடியோ கேசட்டுகளில் மட்டுமே அவளைப் பார்க்கிறோம்.

என்னைப் பிடித்து உட்கார வைத்தது அந்தக் கேசட்டுகள்தான். கல்யாணமாகி உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த பெண், ஊரில் இருக்கும் சகோதரன் இம்ரானுக்குக் கடிதம் எழுதுவதற்குப் பதிலாகக் கேமராவில் பேசுகிறாள். டாக்ஸி ஜன்னலில் மழை, கடற்கரை, வீட்டு வேலைக்கு வரும் பெண், அந்தப் பெண்ணின் மகள், வாயே திறக்காமல் உட்கார்ந்திருக்கும் பக்கத்து வீட்டுக் கிழவி என்று ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே போகிறாள். பிறந்து வளர்ந்தவர்கள் திரும்பிக்கூடப் பார்க்காததெல்லாம் அவளுக்குப் புதுசு. கடைசி கேசட்டுக்கு வரும்போது அந்தக் குதூகலம் வடிந்துபோயிருக்கிறது. அவளுக்கு என்ன ஆனது என்று படம் காட்டுவதில்லை. கேசட்டைப் பார்த்த அருண் பதறுகிறார், நமக்கும் புரிந்துவிடுகிறது.

நானும் அப்போது அதையேதான் செய்துகொண்டிருந்தேன். கும்பகோணத்தில் இருக்கும் அம்மாவுக்கு வீடியோ காலில் பனி, டிராம், மரத்தில் ஓடும் கறுப்பு அணில் எல்லாவற்றையும் காட்டுவேன். படுக்கை தரையில் கிடப்பது தெரியாதபடி போனை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடிப்பேன். வேலை கிடைக்காததைப் பற்றி வாயே திறந்ததில்லை. யாஸ்மின் சிரித்துக்கொண்டே பேசும்போது, அவள் கேமராவை எந்தப் பக்கம் திருப்பவில்லை என்பதைத்தான் நான் கவனித்தேன். சும்மா இருக்கிற படம், ஆனால் மனசைப் பிசைந்துவிட்டது.

நான் இருந்தது செயின்ட் ஜேம்ஸ் டவுனில். 1960களில் கட்டிய அடுக்குமாடிகள். துணி துவைக்கும் இடம் எங்கள் கட்டிடத்தில் அடித்தளத்தில். வெளியே மைனஸ் இருபது என்றாலும் அங்கே மட்டும் வெதுவெதுப்பாக இருக்கும். டிரையரின் வலையில் படிந்த பஞ்சை வழித்துப் போட்டுவிட்டுத்தான் அடுத்தவர் துணி போட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். யார் என்ன வேலை பார்க்கிறார்கள் என்று கூடையைப் பார்த்தாலே தெரியும். எண்ணெய்க் கறை படிந்த சமையல்காரர் கோட்டு, ஓட்டல் ஏப்ரன், பளபளக்கும் பட்டை வைத்த ஆரஞ்சு நிற உடுப்பு, தாதியர் சீருடை. பெயர் தெரியாது, வேலை தெரியும். முன்னாவும் அப்படித்தான் மும்பையை அறிந்தவன் என்று தோன்றியது. மகாலட்சுமி ஸ்டேஷன் பக்கத்துத் தொட்டிகளில் ஊர்த் துணியெல்லாம் வந்து விழுகிறது. அருண் வீட்டுக்கும் ஷாய் வீட்டுக்கும் போய்வர அவனால்தான் முடிகிறது. ஆனால் ஷாய்க்குக் கோப்பையில் வரும் டீ அவனுக்குக் கண்ணாடி டம்ளரில் வருகிறது. படம் அதைச் சுட்டிக்காட்டிப் பாடம் நடத்துவதில்லை. பார்க்கிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறது.

குறையும் உண்டு. ஓவியர் பகுதிதான் எனக்குப் படத்தின் பலவீனம். ஆமிர் கான் அடக்கித்தான் நடிக்கிறார், இருந்தாலும் அவ்வளவு தெரிந்த முகம் இந்தக் கூட்டத்தில் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது. பிரதீக் முன்னாவாகவே ஆகிவிட்டார். இசையமைப்பாளர் குஸ்தாவோ சாண்டாவோலல்லாவின் கிதார் வேண்டிய இடத்தில் மட்டும் வந்து போகிறது; மற்றபடி மழையும் ஊர்ச் சத்தமும்தான்.

அந்த அடித்தளத்தில்தான் யாழ்ப்பாணத்து அக்கா பழக்கமானார். எண்பதுகளின் கடைசியில் வந்தவர். கூட வந்த பலர் ஸ்கார்பரோ பக்கம் வீடு வாங்கிப் போய்விட்டார்கள். அவர் இங்கேயே இருக்கிறார். படத்தைப் பற்றி நான் விடாமல் பேசியதைக் கேட்டு டிவிடியை வாங்கிப்போனார். மறுவாரம் துணி மடித்துக்கொண்டே கேட்டார்: “தம்பி, அந்தப் பிள்ளையின்ர கசற் சகோதரத்திட்டப் போய்ச் சேரவே இல்லையோ?”

சேரவில்லைதான். அருண் கையில் கிடைத்ததே அவை அனுப்பப்படாமல் அலமாரியில் கிடந்ததால்தான். அத்தனை முறை பார்த்தும் எனக்கு அது உறைக்கவில்லை. அவருக்கு முதலில் பட்டதே அதுதான்.

“நாங்கள் வந்த புதுசில ரெலிபோன் காசு கட்டேலாது. கசற்றில கதைச்சு, ஊருக்குப் போற ஆரிட்டயாவது குடுத்துவிடுறது. அங்க சண்டை. கிடைச்சதோ இல்லையோ எண்டு தெரியவே மாசக்கணக்காகும்” என்றார். அப்புறம், பழக்கமானவர்களிடம்கூட அதிகம் சொல்லாத விஷயம் என்று நினைக்கிறேன், அவருடைய அம்மா பதிலுக்குப் பேசி அனுப்பிய கேசட் இரண்டு இன்னும் அவரிடம் இருக்கிறதாம். ஒன்றில் அம்மா பேசப் பேசப் பின்னால் கிணற்றுக் கப்பி சத்தம் கேட்குமாம். அம்மா இப்போது இல்லை. போட்டுக் கேட்க வீட்டில் மெஷினும் இல்லை.

பழைய சாமான் கடைகளில் தேடிவிட்டேன். கிடைப்பதெல்லாம் நாடாவைச் சிக்கவைக்கிறது. அந்தக் கேசட்டை வைத்துச் சோதனை பார்க்க முடியாது. நன்றாக ஓடும் டேப் ரெக்கார்டர் டொராண்டோவில் யாரிடமாவது இருந்தால் சொல்லுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.